விளையாட்டு மகிழுந்துகளில் எஞ்சின் எண்ணெய் மட்டம்

எஞ்சின் எண்ணெய் மட்டம் என்பது ஓர் உள் எரி எஞ்சினில் மசகு எண்ணெய் எந்த அளவுக்கு நிரம்பியுள்ளது என்பதைக் காட்டும் அளவீடு ஆகும். எல்லா மகிழுந்துகளிலும் இந்த மட்டத்தை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் எனினும், ஸ்போர்ட்ஸ் கார் என்று பரவலாக அறியப்படும் விளையாட்டு மகிழுந்துகளில் இது கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. இவற்றின் எஞ்சின்கள் உயர்ந்த சுழற்சி வேகத்தில் இயங்குகின்றன. கூர்மையான வளைவுகளிலும் கடுமையான தடையிடலிலும் எண்ணெய் தன் இடத்தை விட்டு விலகுகிறது. சாதாரண மகிழுந்துகளை விட எண்ணெய் விரைவாகச் செலவாவதும் உண்டு. ஆகவே சாதாரண மகிழுந்து ஒன்று பொறுத்துக்கொள்ளக்கூடிய அரை லிட்டர் குறைவு, விளையாட்டு மகிழுந்தின் எஞ்சினைச் சில நொடிகளில் பாழாக்கிவிடக்கூடும்.

மட்டத்தைச் சரிபார்ப்பதற்கு எல்லா மகிழுந்துகளுக்கும் பொருந்தும் ஒரே முறை கிடையாது. சிலவற்றில் எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்துப் பார்க்க வேண்டும். சிலவற்றில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். தவறான முறையில் எடுக்கப்பட்ட அளவீடு, அளவீடே எடுக்காமல் இருப்பதை விடக் கேடானது. ஏனெனில் அதை நம்பி உரிமையாளர் தேவையில்லாத எண்ணெயை ஊற்றிவிடுகிறார்.

எண்ணெயின் பணி

எஞ்சினின் கிராங்க் தண்டு பேரிங்குகள் எனப்படும் தாங்கிகளின் மேல் சுழல்கிறது. இயங்கும் நிலையில் தண்டும் தாங்கியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே சில மைக்ரான் தடிமனே உள்ள எண்ணெய்ப் படலம் ஒன்று தண்டின் முழுச் சுமையையும் தாங்குகிறது. 1883 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பூச்சம்ப் டவர் என்னும் பொறியாளர் தொடர்வண்டித் தாங்கிகளை ஆய்வு செய்தபோது, எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேற்பகுதியில் ஒரு துளையிட்டார். எண்ணெய் உள்ளே செல்வதற்குப் பதிலாக அத்துளை வழியே மேலேறி வெளிவந்தது. அடைப்பான் வைத்து மூடியபோது அதையும் வெளியே தள்ளியது. சுழலும் தண்டு தானே எண்ணெயை இழுத்துச் சென்று பெரும் அழுத்தத்தை உருவாக்குகிறது என்பது இவ்வாறு தெரியவந்தது. இதற்கான கணிதக் கோட்பாட்டை ஆசுபோர்ன் ரெனால்ட்ஸ் 1886 இல் வெளியிட்டார். இன்றைய எஞ்சின் தாங்கிகளும் இதே கோட்பாட்டின்படியே வடிவமைக்கப்படுகின்றன.

இந்தப் படலம் நிலைத்திருக்க எண்ணெய் இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். அதை அனுப்புவது எண்ணெய்ப் பம்பு. எண்ணெய்க்குப் பதிலாகப் பம்பு காற்றை உறிஞ்சினால் படலம் உடைந்து, உலோகம் உலோகத்தோடு உரசத் தொடங்குகிறது. ஏழாயிரம் சுழற்சி வேகத்தில் கிராங்க் தண்டு இரண்டே நொடிகளில் 230 தடவைக்கு மேல் சுழன்றுவிடும் என்பதை நோக்கினால், இத்தகைய சேதம் ஏன் அவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்பது விளங்கும். முதலில் பழுதடைவது பெரும்பாலும் இணைப்புத் தண்டின் தாங்கிகளே.

மசகிடுவதோடு எண்ணெய் வெப்பத்தையும் கடத்திச் செல்கிறது. பிஸ்டன்களின் அடிப்பகுதிக்கும் தாங்கிகளுக்கும் குளிர்நீர் நேரடியாகச் செல்வதில்லை. அவற்றைக் குளிர்விப்பது எண்ணெயே. மட்டம் குறைந்தால் எஞ்சியிருக்கும் எண்ணெய் அடிக்கடி சுற்றிவர வேண்டியிருப்பதால் அதன் வெப்பநிலை உயர்கிறது, பாகுநிலை குறைகிறது, படலமும் மெலிகிறது. எடுத்துக்காட்டாக, நிமிடத்திற்கு 50 லிட்டர் இறைக்கும் பம்பு ஒன்று 5 லிட்டர் எண்ணெயை 6 நொடிகளுக்கு ஒரு முறை முழுவதுமாகச் சுற்றி வரச் செய்யும். தொட்டிக்குத் திரும்பி ஓய்வெடுக்க எண்ணெய்க்கு அதிக நேரம் கிடைப்பதில்லை.

ஈரத்தொட்டியும் வளைவுகளும்

பெரும்பாலான மகிழுந்துகளில் எண்ணெய் எஞ்சினின் அடியில் உள்ள தட்டையான தொட்டியிலேயே தேங்கியிருக்கும். இது வெட் சம்ப் அல்லது ஈரத்தொட்டி முறை எனப்படுகிறது. தொட்டியின் ஓரிடத்தில் உள்ள உறிஞ்சு குழாய் வழியே பம்பு எண்ணெயை இழுக்கிறது. மகிழுந்து நேராகச் சீரான வேகத்தில் செல்லும்வரை இந்த ஏற்பாட்டில் குறையொன்றும் இல்லை.

மகிழுந்து வளைவில் திரும்பும்போது நிலைமை மாறுகிறது. நீர் நிரம்பிய கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி சட்டென்று திரும்பினால் நீர் ஒரு பக்கமாக ஏறுவதைப் போலவே, தொட்டியில் உள்ள எண்ணெயும் வளைவின் வெளிப்பக்கமாக ஏறுகிறது. எண்ணெயின் மேற்பரப்பு எவ்வளவு சாயும் என்பதைக் கணக்கிடுவது எளிது. பக்கவாட்டு முடுக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைப்பது சாய்கோணத்தின் டேன்ஜென்ட் ஆகும். புவியீர்ப்பின் பாதியளவு பக்கவாட்டு முடுக்கத்தில் சாய்வு ஏறத்தாழ 27 பாகை. புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் அது 45 பாகை. நல்ல சக்கர உறைகளைக் கொண்ட ஒரு விளையாட்டு மகிழுந்து இந்த இரண்டாம் அளவை எட்டக்கூடியது. அதாவது, அந்த வளைவில் இருக்கும்வரை, 45 பாகைச் சரிவில் பக்கவாட்டில் நிறுத்தப்பட்ட மகிழுந்தில் எண்ணெய் எப்படித் தேங்குமோ அப்படியே தொட்டியிலும் தேங்கும். கடுமையாகத் தடையிடும்போது இதே சாய்வு முன்னோக்கி ஏற்படுகிறது.

இந்நிலையில் உறிஞ்சு குழாயின் வாய் எண்ணெய்க்கு வெளியே வந்துவிட்டால் பம்பு காற்றை இழுக்கும். இது எண்ணெய்ப் பட்டினி என்று அழைக்கப்படுகிறது. மட்டம் மேற்குறி வரை இருக்கும்போது சாய்வுக்குப் பிறகும் குழாயின் வாய் மூழ்கியிருக்கும்படியே வடிவமைப்பாளர்கள் தொட்டியை அமைக்கின்றனர். மட்டம் ஒரு லிட்டர் குறைந்திருந்தால் அந்தக் கணக்கு பொய்த்துப் போகிறது. நகரச் சாலையில் எந்த அறிகுறியும் காட்டாத குறைவு, நீண்ட வளைவு ஒன்றில் தாங்கியைத் தின்றுவிடுவது இதனால்தான். குறுகிய வளைவை விட நீண்ட வளைவே ஆபத்தானது என்பதும் கவனிக்கத்தக்கது. குறுகிய வளைவில் எண்ணெய் முழுவதும் ஒதுங்குவதற்கு முன்பே வளைவு முடிந்துவிடுகிறது.

இதைத் தடுக்கத் தொட்டியினுள் தடுப்புத் தகடுகளும், எண்ணெயை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு கதவுகளும் பொருத்தப்படுவதுண்டு. இவை எண்ணெய் ஒதுங்குவதைத் தாமதப்படுத்துகின்றன, முற்றிலும் நிறுத்துவதில்லை.

உலர்தொட்டி முறை

இச்சிக்கலுக்கு முழுமையான தீர்வு டிரை சம்ப் எனப்படும் உலர்தொட்டி முறையாகும். இம்முறையில் எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்க விடப்படுவதில்லை. கீழே வடியும் எண்ணெயை மீட்புப் பம்புகள் உடனுக்குடன் உறிஞ்சி, தனியாக உள்ள உயரமான கலன் ஒன்றுக்கு அனுப்புகின்றன. அழுத்தப் பம்பு அக்கலனின் அடியிலிருந்து எண்ணெயை எடுத்து எஞ்சினுக்குத் தருகிறது. கலன் உயரமாகவும் குறுகலாகவும் இருப்பதால் எண்ணெய் எப்பக்கம் சாய்ந்தாலும் அடிவாய் மூழ்கியே இருக்கும். கூடுதலாக, எஞ்சினைத் தாழ்வாகப் பொருத்தவும் முடிகிறது. பந்தய மகிழுந்துகளில் தொடங்கிய இம்முறை, 1954 இல் அறிமுகமான மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்எல், 1964 இல் உற்பத்தி தொடங்கிய போர்ஷே 911 முதலிய சாலை மகிழுந்துகளுக்கும் வந்தது. ஷெவர்லே கார்வெட்டின் இசட்06 வகை 2006 மாதிரியில் உலர்தொட்டியைப் பெற்றது. அதன் எண்ணெய்க் கொள்ளளவு ஏறத்தாழ 7.6 லிட்டராக இருந்து, 2009 மாதிரியில் ஏறத்தாழ 9.9 லிட்டராக உயர்த்தப்பட்டது.

உலர்தொட்டி முறையில் மட்டம் பார்ப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. 1998 வரை உற்பத்தி செய்யப்பட்ட காற்றால் குளிரும் போர்ஷே 911 இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இதில் எண்ணெய்க் கலன் மகிழுந்தின் வலப்புறப் பின்பகுதியில் உள்ளது. அளவுக்கோலும் அக்கலனின் வாயிலேயே இருக்கிறது. எஞ்சின் நின்றதும் கலனில் உள்ள எண்ணெய் சிறிது சிறிதாகப் பம்பின் இடுக்குகள் வழியே எஞ்சினுக்குள் இறங்கத் தொடங்கும். ஓரிரவு கழித்துக் காலையில் அளவுக்கோலை எடுத்துப் பார்த்தால் அதில் எண்ணெயின் சுவடே இல்லாமல் போகலாம். இதைக் கண்டு அஞ்சிய உரிமையாளர் இரண்டு லிட்டர் ஊற்றுகிறார். பின்னர் எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் மீட்புப் பம்பு எண்ணெய் அனைத்தையும் கலனுக்குத் திருப்பி அனுப்ப, கலன் நிரம்பி வழிந்து, மூச்சுக்குழாய் வழியே காற்று வடிகட்டிக்குள் எண்ணெய் புகுகிறது. அடுத்து வருவது பின்புறமெங்கும் நீலப் புகை.

எனவே இந்த மகிழுந்துகளில் மட்டம் பார்க்கும் முறை பின்வருமாறு அமைகிறது: எஞ்சினும் எண்ணெயும் முழு இயக்க வெப்பநிலையை அடையும்வரை ஓட்ட வேண்டும், சமதளத்தில் நிறுத்த வேண்டும், எஞ்சினை நிறுத்தாமல் வெறுமனே ஓடவிட்டபடியே அளவுக்கோலை எடுத்துத் துடைத்து மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளின் மாதிரிகளில் முகப்புப் பலகையில் எண்ணெய் மட்டமானி ஒன்றும் உண்டு. அதுவும் இதே நிபந்தனைகளில் மட்டுமே உண்மை சொல்லும். ஓட்டத்தின்போது அதன் முள் கீழே விழுந்து கிடப்பதைப் பார்த்துப் புதிய உரிமையாளர்கள் கலவரமடைவது வழக்கம்.

இதே 911 இன் 1972 மாதிரியில் எடைப் பங்கீட்டைச் சீராக்கும் பொருட்டு எண்ணெய்க் கலன் பின்சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தப்பட்டது. எண்ணெய் ஊற்றும் வாய்க்கு வலப்புறக் கதவின் பின்னால் வெளிப்புறத்திலேயே ஒரு சிறு மூடி வைக்கப்பட்டது. பார்ப்பதற்கு அது பெட்ரோல் மூடியைப் போலவே இருந்தது. எரிபொருள் நிலைய ஊழியர்கள் சிலர் அதைத் திறந்து எண்ணெய்க் கலனில் பெட்ரோலை நிரப்பிவிட்டனர் என்றும், அதனாலேயே 1973 மாதிரியில் கலன் பழைய இடத்துக்கே மாற்றப்பட்டது என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஓராண்டு மட்டுமே வந்த அந்த மூடி இன்று பழைய மகிழுந்து சேகரிப்பாளர்களுக்கு அடையாளச் சின்னமாகிவிட்டது.

உலர்தொட்டி உள்ள எல்லா மகிழுந்துகளிலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. உலர்தொட்டி கார்வெட்டுகளில் எஞ்சினை நன்கு சூடாக்கி, நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்துப் பார்க்க வேண்டும். நெடுநேரம் கழித்துப் பார்க்கக் கூடாது. ஆகவே மகிழுந்தின் கையேட்டைப் பார்க்காமல் பொது அறிவைக் கொண்டு முடிவெடுப்பது சரியன்று.

ஈரத்தொட்டி எஞ்சினில் சரிபார்த்தல்

ஈரத்தொட்டி எஞ்சின்களில் முறை எளிமையானது. எஞ்சினைச் சூடாகும்வரை ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, மேற்பகுதியில் உள்ள எண்ணெய் தொட்டிக்கு வடிந்து சேர 5 முதல் 10 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். பின்னர் டிப்ஸ்டிக் எனப்படும் அளவுக்கோலை உருவி, பஞ்சு உதிராத துணியால் துடைத்து, அடிவரை செருகி, மீண்டும் உருவிப் பார்க்க வேண்டும். முதல் முறை உருவும்போது கிடைக்கும் அளவை நம்பக் கூடாது. ஓட்டத்தின்போது குழாயின் சுவரில் தெறித்த எண்ணெய் கோலின் மேற்பகுதியையும் நனைத்திருக்கும். கோலின் இரு பக்கங்களும் வெவ்வேறு அளவைக் காட்டினால் குறைந்த அளவையே கொள்ள வேண்டும்.

சமதளம் என்பதை இங்கே வலியுறுத்த வேண்டியுள்ளது. தொட்டி அகலமாகவும் ஆழம் குறைந்தும் இருப்பதால் வீட்டு வாசலின் சிறு சரிவு கூட அளவைக் கணிசமாக மாற்றிவிடும். ஒரே இடத்தில், ஒரே திசையில் நிறுத்தி ஒவ்வொரு முறையும் பார்ப்பது, ஒப்பிட்டுப் பார்க்கவாவது உதவும்.

வெப்பநிலையும் அளவை மாற்றுகிறது. எண்ணெய் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.07 விழுக்காடு விரிவடைகிறது. 20 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாகும்போது 5 லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 280 மில்லிலிட்டர் பெருகும். பத்து லிட்டர் கொண்ட எஞ்சினில் இது அரை லிட்டரைத் தாண்டுகிறது. குளிர்ந்த நிலையில் மேற்குறி வரை நிரப்பப்பட்ட எஞ்சின், சூடானதும் குறியைத் தாண்டிவிடுவதற்கு இதுவே காரணம். சில நிறுவனங்கள் குளிர்ந்த நிலையில் பார்ப்பதற்குரிய குறிகளைத் தனியாகத் தருகின்றன.

அளவுக்கோலில் கீழ்க்குறி, மேற்குறி என இரண்டு குறிகள் இருக்கும். பெரும்பாலான மகிழுந்துகளில் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு ஒரு லிட்டருக்கு அண்மையில் அமைகிறது. மட்டம் இவ்விரண்டுக்கும் இடையில் எங்கிருந்தாலும் போதும் என்பது சாதாரண மகிழுந்துக்குப் பொருந்தும். விளையாட்டு மகிழுந்தில், மேற்கண்ட வளைவுக் கணக்கைக் கருத்தில் கொண்டு, மேல் பாதியிலேயே வைத்திருப்பது நல்லது.

குறையும்போது ஊற்றும் எண்ணெயை ஒரே தடவையில் ஊற்றிவிடக் கூடாது. கால் லிட்டர் ஊற்றி, சில நிமிடம் பொறுத்து, மீண்டும் பார்த்து, தேவையெனில் மறுபடி ஊற்ற வேண்டும். ஊற்றுவது எளிது, வெளியே எடுப்பது கடினம்.

மின்னணு அளவீடு

2000களின் நடுப்பகுதியிலிருந்து பல விளையாட்டு மகிழுந்துகளில் அளவுக்கோல் நீக்கப்பட்டு, உணரி ஒன்றின் மூலம் முகப்புத் திரையில் மட்டம் காட்டப்படுகிறது. 2004 இல் வந்த போர்ஷே 911 இன் 997 தலைமுறையும், 2007 இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்3 மகிழுந்தும் இவ்வகையைச் சேர்ந்தவை. சூடான எண்ணெய், சமதளம், குறிப்பிட்ட காத்திருப்பு நேரம் ஆகிய நிபந்தனைகள் நிறைவேறினால்தான் இக்கருவி அளவைக் காட்டும். நிறைவேறாவிட்டால் அளவீடு கிடைக்கவில்லை என்று அறிவிக்கும். தவறான நேரத்தில் பார்ப்பதைத் தடுக்கிறது என்ற வகையில் இது பயனுள்ளதே. ஆனால் எண்ணெயின் நிறத்தையும் மணத்தையும் திரை காட்டுவதில்லை. எண்ணெய் மாற்றிய உடனேயே, எஞ்சின் சூடாகும் முன், எவ்வளவு ஊற்றப்பட்டுள்ளது என்பதைச் சரிபார்க்கவும் வழியில்லாமல் போகிறது. பணிமனையில் வடிகட்டப்பட்ட அளவையும் ஊற்றப்பட்ட அளவையும் கேட்டுக் குறித்துக்கொள்வதே இதற்கு மாற்று.

எச்சரிக்கை விளக்குகள்

எண்ணெய்க் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு எண்ணெய் மட்டத்தைக் காட்டுகிறது என்று பலர் கருதுகின்றனர். இது தவறு. அது காட்டுவது அழுத்தத்தை. மட்டத்துக்கென விளக்கு இருக்குமானால் அது பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், அலைக்கோட்டோடு இருக்கும். இந்த வேறுபாடு உயிர்நாடியானது. மஞ்சள் விளக்கு எரிந்தால் அருகில் உள்ள இடத்தில் நிறுத்தி எண்ணெய் ஊற்றலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் எஞ்சினை அந்த நொடியே அணைக்க வேண்டும். அடுத்த பணிமனை வரை ஓட்டிச் செல்லலாம் என்று எண்ணக் கூடாது.

சிவப்பு விளக்கின் மற்றொரு குறை, அது மிகவும் தாமதமாக எரிவது. பல மகிழுந்துகளில் அதன் அழுத்த நிலைமாற்றி அரை பார் அளவுக்கும் கீழே அழுத்தம் இறங்கிய பின்னரே விளக்கை எரியவிடுகிறது. ஆனால் உயர் வேகத்தில் எஞ்சினுக்குத் தேவைப்படும் அழுத்தம் இதைவிடப் பன்மடங்கு. ஆயிரம் சுழற்சிக்கு ஏறத்தாழ 0.7 பார் என்பது பந்தயப் பொறியாளர்களிடையே வழங்கும் பழைய தோராயக் கணக்கு. அதன்படி 7,000 சுழற்சியில் 5 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். வளைவில் அழுத்தம் 5 இலிருந்து 1 பாருக்கு வீழ்ந்தாலும் விளக்கு எரியாமலேயே இருக்கும், தாங்கியோ தேய்ந்துகொண்டிருக்கும். பந்தயத் தடத்தில் ஓட்டுவோர் தனி அழுத்தமானியைப் பொருத்திக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

எண்ணெய் செலவாதல்

கசிவு எதுவும் இல்லாமலேயே எஞ்சின் எண்ணெயைச் செலவிடும். பிஸ்டன் வளையங்கள் உருளைச் சுவரில் விட்டுச் செல்லும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு எரிந்துபோகிறது. வேகம் கூடும்போது இந்தச் செலவும் கூடுகிறது. 1999 இல் வெளிவந்த ஹோண்டா எஸ்2000 இன் இரண்டு லிட்டர் எஞ்சின் 9,000 சுழற்சி வரை செல்லக்கூடியது. அதன் பிஸ்டன் ஒவ்வொரு வீச்சிலும் 84 மில்லிமீட்டர் நகர்கிறது. அந்த வேகத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25 மீட்டருக்கு மேல் வருகிறது. இத்தகைய எஞ்சினை மென்மையாக ஓட்டுபவரும் கடுமையாக ஓட்டுபவரும் ஒரே அளவு எண்ணெயைச் செலவிடுவர் என எதிர்பார்க்க முடியாது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை செலவாவது ஏற்கத்தக்கதே என்று சில ஐரோப்பிய நிறுவனங்களின் கையேடுகள் கூறுகின்றன. இதைப் படிக்கும் சாதாரண மகிழுந்து உரிமையாளர் வியப்படையலாம். ஆனால் ஐந்து லிட்டர் மட்டுமே கொண்ட எஞ்சினில் இந்த வேகத்தில் செலவானால், மேற்குறியிலிருந்து கீழ்க்குறிக்கு இறங்க ஒரு நெடும்பயணமே போதும் என்பதே இங்கு கருதத்தக்கது.

மாஸ்டாவின் சுழல் எஞ்சின்கள் இதில் தனி வகை. ஆர்எக்ஸ்-7, 2003 முதல் 2012 வரை உற்பத்தியான ஆர்எக்ஸ்-8 ஆகியவற்றில் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவச் சுழலி ஒன்று சுழல்கிறது. அதன் முனைகளில் உள்ள அடைப்பான்களை மசகிடுவதற்காக, ஒரு சிறு பம்பு எஞ்சின் எண்ணெயை அளந்து எரி அறைக்குள்ளேயே செலுத்துகிறது. அந்த எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகிறது. எனவே இம்மகிழுந்துகளில் எண்ணெய் குறைவது நோயன்று, இயல்பு. பிஸ்டன் எஞ்சினுக்குப் பழகியவர்கள் இவற்றை வாங்கி, எண்ணெய் மாற்றும் நாள் வரை மூடியைத் திறக்காமலே ஓட்டி எஞ்சினை இழப்பதுண்டு. இரண்டு முறை பெட்ரோல் நிரப்புவதற்குள் ஒரு முறையாவது மட்டம் பார்ப்பது இவற்றுக்குத் தேவையான பழக்கம்.

செலவைக் கணக்கிட ஒரு சிறு குறிப்பேடே போதும். ஊற்றிய நாள், ஓடிய தொலைவு, ஊற்றிய மில்லிலிட்டர் ஆகிய மூன்றையும் எழுதிவர வேண்டும். 800 கிலோமீட்டருக்கு 400 மில்லிலிட்டர் எனில் ஆயிரத்துக்கு அரை லிட்டர். இந்த எண் மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால் கவலையில்லை. திடீரென இரட்டிப்பானால் வளையம், வால்வு அடைப்பான், கசிவு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். எண்ணின் அளவை விட அதன் மாற்றமே எஞ்சினின் நிலையைத் தெரிவிக்கிறது.

மட்டம் உயர்தலும் மிகுதியும்

மட்டம் குறைவதைக் கண்டு அஞ்சுவோர், ஊற்றாமலேயே மட்டம் உயர்வதைக் கண்டு மகிழ்ந்துவிடுவதுண்டு. உண்மையில் இரண்டாவதே கூடுதல் கவலைக்குரியது. எண்ணெயில் பெட்ரோலோ குளிர்நீரோ கலந்தாலன்றி மட்டம் உயராது. பெட்ரோல் கலந்தால் மணம் காட்டிக்கொடுக்கும். குளிர்நீர் கலந்தால் எண்ணெய் பால் கலந்த தேநீர் போல வெளிறும். குளிர்காலத்தில் குறுந்தொலைவு மட்டும் ஓடும் மகிழுந்துகளில் ஊற்றுவாய் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்ணிறப் படிவு காணப்படுவது ஈரப்பதத்தால் ஏற்படுவது. நீண்ட ஓட்டத்தில் அது மறைந்துவிடும்.

மேலே குறிப்பிட்ட மெர்சிடிஸ் 300 எஸ்எல் இந்தக் கலப்படத்துக்குப் பெயர்பெற்றது. பெட்ரோலை நேரடியாக உருளைக்குள் பீய்ச்சும் அதன் இயந்திரப் பம்பு, சாவியைத் திருப்பி அணைத்த பின்னும் எஞ்சின் முழுவதும் நிற்கும்வரை பீய்ச்சிக்கொண்டே இருந்தது. எரியாத அப்பெட்ரோல் உருளைச் சுவரைக் கழுவி எண்ணெயோடு கலந்தது. பெரிய குளிர்விப்பியும் மிகுந்த எண்ணெயும் இருந்ததால், நகரில் ஓட்டும்போது எண்ணெய் போதிய அளவு சூடாகவில்லை; பெட்ரோலும் ஆவியாகவில்லை. இதனால் 1,000 மைலுக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றுமாறு அறிவுறுத்தப்பட்டது. பந்தயத்துக்காகச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு சாலையில் தீங்காக மாறியதற்கு இது எடுத்துக்காட்டு.

அளவுக்கு மிஞ்சி எண்ணெய் ஊற்றினால், ஈரத்தொட்டியில் கிராங்க் தண்டின் எதிரெடைகள் எண்ணெய்ப் பரப்பை அடித்து நுரையாக்குகின்றன. நுரை என்பது பாதி காற்று. அது தாங்கியில் படலமாக நிற்காது. அதாவது மிகுதியும் குறைவும் ஒரே கேட்டில் சென்று முடிகின்றன. மேலும், மிகுதி எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே எரி அறைக்குள் சென்று புகையை உண்டாக்கி, வினையூக்கி மாற்றியையும் கெடுக்கும். மேற்குறியைச் சற்றே தாண்டியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. விரற்கடை அளவு தாண்டியிருந்தால், அளவுக்கோல் துளை வழியே மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி உறிஞ்சி எடுக்க வேண்டும், அல்லது அடைப்புத் திருகைத் தளர்த்தி வடிக்க வேண்டும்.

எண்ணெயைத் தெரிவுசெய்தல்

குறைவை நிரப்பும் எண்ணெயும் எஞ்சினில் ஏற்கனவே உள்ள வகையாகவே இருத்தல் நலம். 5டபிள்யூ-40 போன்ற குறியீட்டில் முதற்பகுதி குளிர்ந்த நிலையிலும், இரண்டாம் பகுதி சூடான நிலையிலும் எண்ணெயின் பாகுநிலையைச் சுட்டுகின்றன. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 100 பாகையில் 30 வகை எண்ணெயின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரையும், 60 வகையினது 21.9 முதல் 26.1 வரையும் அமையும். அதாவது இரண்டாவது ஏறத்தாழ இரு மடங்கு கெட்டியானது. 2000 முதல் 2006 வரை உற்பத்தியான பி.எம்.டபிள்யூ எம்3 மகிழுந்துக்கு 10டபிள்யூ-60 எண்ணெய் குறிப்பிடப்பட்டுள்ளது. அதில் வழக்கமான 30 வகையை நிரப்பி மட்டத்தை மேற்குறியில் வைத்திருப்பதால் பயனில்லை. எனினும் வழியில் மட்டம் கீழ்க்குறிக்கும் கீழே போய்விட்டால், கிடைக்கும் தரமான எஞ்சின் எண்ணெயை அரை லிட்டர் ஊற்றிக்கொண்டு செல்வது, எண்ணெயில்லாமல் ஓட்டுவதை விடப் பன்மடங்கு மேல்.

பந்தயத் தடத்தில்

பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கு முன் மட்டம் மேற்குறியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டச் சுற்று முடிந்த பின்னும் மீண்டும் பார்க்க வேண்டும். கார்வெட்டின் சில ஆண்டுகளின் கையேடுகள், போட்டி ஓட்டத்தின்போது மட்டத்தை மேற்குறிக்கும் ஏறத்தாழ ஒரு லிட்டர் மேலே வைக்குமாறு கூறுகின்றன. அத்தொட்டியின் ஆழத்தை அறிந்து தயாரிப்பாளரே தரும் விலக்கு இது. இதைக் கேள்விப்பட்டு வேறு மகிழுந்தில் செய்தால் மேற்சொன்ன நுரைதான் மிஞ்சும்.

தடத்திலிருந்து வந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல், ஒரு சுற்றை மெதுவாக ஓட்டி எண்ணெயைக் குளிரவிடுவது வழக்கம். அதன் பின்னர் எடுக்கப்படும் அளவே நம்பத்தக்கது. அளவுக்கோலைத் துடைத்த துணியையும் ஒரு முறை வெயிலில் விரித்துப் பார்க்க வேண்டும். கறுத்த எண்ணெய் இயல்பானது. அதில் மினுமினுக்கும் உலோகத் துகள் தென்பட்டால் தாங்கி தேயத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த மகிழுந்தை இழுவை வண்டியில் ஏற்றிப் பணிமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஓட்டிச் செல்லக் கூடாது. அந்த நிலையில் தாங்கியை மட்டும் மாற்றிக் கிராங்க் தண்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு.